வலது மூக்கில் மரத்தூள்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அதற்காக அடி வாங்கியிருக்கிறேன். மாதா கோயிலில் சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்தால் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொள்வேன். அப்படிப்பட்டவனை என் வலது மூக்கு ஓராண்டுக்கு மேல் விதவிதமான நாற்காலிகளில் உட்கார வைத்துவிட்டது. இப்போது சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறேன். இன்னும் மூன்று வாரம் பட்டறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு. சும்மா இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

லிங்கராஜபுரத்தில் பஸ் போகும் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்துக்குள் எங்கள் பட்டறை இருக்கிறது. நானும் என் தம்பி செல்வராஜும் முப்பது வருடமாக அங்கே சவப்பெட்டி செய்கிறோம். பெட்டி என்றுதான் சொல்வோம். சில்வர் ஓக், மாமரம், வசதிப்பட்டவர்களுக்குத் தேக்கு. இழைப்பது, உப்புத்தாள் போடுவது, பாலிஷ் எல்லாம் நாங்கள் இருவரும். உள்ளே விரிக்கும் வெள்ளை சாட்டின் துணியை என் மனைவி ஸ்டெல்லா வீட்டில் தைத்துக் கொடுப்பாள். அக்கம்பக்கத்தில் கேட்டால் கர்ட்டன் தைக்கிறேன் என்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் தொழிலை அவள் ‘ஃபர்னிச்சர் பிசினஸ்’ என்றுதான் சொல்லிவந்தாள். அவள்மேல் தப்பில்லை. அவளுடைய அப்பா அல்சூரில் கௌரவமாக ஆபீஸ் வேலை பார்த்தவர், சொந்தக்காரர்களிடம் அவரே அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார். நானும் செல்வாவும் போகப்போக அதையே சொல்லப் பழகிவிட்டோம்.

எங்கள் தொழிலில் எங்கும் எழுதிவைக்காத சட்டங்கள் சில உண்டு. பெட்டி வாங்கியவரிடம் மறுபடி வாங்க என்று சொல்லக் கூடாது. பெட்டிக்காரன் நோயாளியைப் பார்க்கப் போகக் கூடாது. இந்த இரண்டாவது சட்டத்தை நான் அனுபவத்தில் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில், மஞ்சள் காமாலையில் படுத்திருந்த பக்கத்துத் தெருக்காரரைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். அவர் மனைவி வாசலிலேயே பழத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். அந்த ஆள் பிழைத்து, இன்றும் என்னைப் பார்த்தால் சாலையின் எதிர்ப்பக்கம் போகிறார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு ஆள் எதிரே வந்தால் ஐந்தடி எட்டு, தோள் பதினெட்டு என்று என் கண் அளந்துவிடும். வேண்டாம் என்றாலும் அளக்கும். அதன் பிறகு நாங்கள் இருவரும் எந்த ஆஸ்பத்திரி வார்டுக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை.

மூக்கடைப்பு ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்தது. பெங்களூரில் மூக்கடைப்பு என்று சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பார்த்தீனியச் செடி என்பார்கள், குளிர் என்பார்கள், மெட்ரோ வேலைத் தூசி என்பார்கள். ஆளாளுக்கு ஒரு வைத்தியம். கர்ப்பூரவல்லிச் சாறு குடித்தேன், ஆவி பிடித்தேன். இடது மூக்குக்கு ஒரு குறையும் இல்லை, வலது மட்டும் திறக்கவே இல்லை. காலையில் கைக்குட்டையில் பழுப்பாக ரத்தக் கறை தெரிந்தது. ஒருநாள் பாலிஷில் கலக்கும் தின்னர் டப்பா மூடாமல் கிடந்து பட்டறை முழுவதும் நாறியதாம். செல்வா வந்து திட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு ஒரு வாடையும் வரவில்லை.

பிரேசர் டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் நல்ல மனிதர். டார்ச் அடித்துப் பார்த்தார், என்ன வேலை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா ஃபர்னிச்சர் பிசினஸ் என்றாள். அவர் ஷோரூம் என்று நினைத்துக்கொண்டார். ஏ.சி. காற்றும் துணித் தூசியும் ஒத்துக்கொள்ளவில்லை, அலர்ஜி, உள்ளே கொஞ்சம் சதை வளர்ந்திருக்கலாம் என்று ஒரு ஸ்பிரேயும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது, வீட்டுக்கு ஒரு ஷூ ரேக் செய்து தர முடியுமா என்றும் கேட்டார்.

முடியாது என்று எப்படிச் சொல்வது? பெட்டிக்கு வெட்டியதில் மிஞ்சிய சில்வர் ஓக் பலகையில் ஷூ ரேக் செய்தேன். இரண்டு பக்கமும் பித்தளைக் கைப்பிடி வைத்துவிடட்டுமா என்று செல்வா கேலி செய்தான். சிரித்துக்கொண்டே, முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல், ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து அதை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினேன். என் மூக்கைப் பார்த்த டாக்டருக்காக என் மூக்குக்குள் இன்னும் ஒரு பிடி தூளை அனுப்பிவைத்தவன் நான்தான். அந்த ஸ்பிரேயை எட்டு மாதம் அடித்துக்கொண்டேன்.

எட்டாவது மாத முடிவில், அன்று மாலைக்குள் கொடுக்க வேண்டிய ஒரு பெட்டிக்குள் குனிந்து சாட்டினுக்கு ஆணி வைத்துக்கொண்டிருந்தேன். சொட்டுச் சொட்டாக வெள்ளைத் துணியில் சிவப்பு விழுந்தது. பிறகு சொட்டு நின்று ஒழுக ஆரம்பித்தது. செல்வா ஓடிவந்து என் மூக்கை இறுக்கிப் பிடித்து, தலையைக் குனிய வைத்தான். கால் மணி நேரம் அப்படியே நின்றோம். ஸ்டெல்லா அவசர அவசரமாக வேறு துணி தைத்துக் கொண்டுவந்தாள். பெட்டி நேரத்துக்குப் போய்விட்டது. கறை பட்ட துணியை அன்றிரவே துவைத்துப் போட்டவள், மறுநாள் காலை விடிந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துவிட்டாள்.

காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒரு டாக்டரம்மா. நாலடி பத்து இருப்பார், பேச்சில் மிச்சம் மீதி வைக்காதவர். கன்னடக்காரர், ஆனால் தமிழ் பேசினார். மருந்தில் நனைத்த பஞ்சை மூக்கில் வைத்து மரத்துப்போகச் செய்தார். பிறகு நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள மெல்லிய குழாயை உள்ளே விட்டார். இதற்கு எண்டோஸ்கோபி என்று பெயர். வலிக்கவில்லை, ஆனால் கண்ணில் நீர் கொட்டியது. பக்கத்து டி.வி.யில் என் மூக்கின் உட்புறம் தெரிந்தது. மேலே, இரண்டு கண்களுக்கும் நடுவே போகிற இடத்தில், பாலில் ஊறிய ரொட்டித் துண்டைப்போல் ஒன்று அடைத்துக்கொண்டு நின்றது. குழாய் பட்டதும் அதிலிருந்து ரத்தம் கசிந்தது.

ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, அதே பக்கம் ரத்தம், இதை அலர்ஜி என்று விடக் கூடாது என்றார். பிறகு கேட்டார், என்ன வேலை? ஸ்டெல்லா ஃபர்னிச்சர் என்றாள். விற்பதா, செய்வதா என்று டாக்டரம்மா கேட்டார். ஸ்டெல்லா மென்று விழுங்கினாள்.

“செய்யறது,” என்றேன் நான். “பொட்டி செய்யறோம் மேடம். செத்தவங்களுக்கு.”

அவர் முகம் சுளிக்கவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வியாகக் கேட்டார். என்ன மரம்? எத்தனை வருடம்? மெஷினில் தேய்ப்பதா, கையிலா? முகமூடி உண்டா? நான் சொல்லச் சொல்ல எழுதினார். பிறகு விளக்கினார். இழைக்கும்போது பறக்கிற பெரிய சுருள்கள் கீழே விழுந்துவிடும், கண்ணுக்குத் தெரியாத தூள்தான் மூக்கின் மேல்பகுதிவரை போய்த் தங்கும். பல வருடம் தங்கித் தங்கி சிலருக்கு அங்கே கட்டியாக மாறும். மற்றவர்களுக்கு அபூர்வம், மரவேலைக்காரர்களுக்கு வரக்கூடியது. என்ன கட்டி என்று சோதித்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

“இத மொதல்லயே சொல்லிருந்தா, மொதல் டாக்டர் வேற மாதிரி பாத்திருப்பார்,” என்றார். குரலில் கோபம் இல்லை. ஸ்டெல்லா சுவரைப் பார்த்தாள்.

எழுந்திருக்கும்போது இன்னொரு கேள்வி. உங்களோடு வேறு யார் வேலை செய்கிறார்கள்? தம்பி என்றேன். மூக்கில் ஏதாவது தொந்தரவு இருக்கிறதா என்றார். தெரியாது என்றேன். கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். செல்வா எங்கே என்று யோசித்தேன். எங்களைத் தொடர்ந்து வண்டியில் வந்தவன், ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே இளநீர் வண்டியருகில் நின்றுகொண்டிருந்தான். இரண்டாவது சட்டத்தை அவன் மீறவில்லை.

அடுத்த இரண்டு வாரம் படம் எடுப்பதிலும் காத்திருப்பதிலும் போயிற்று. உடனே ஒரு துண்டு வெட்டிப் பார்க்க வேண்டியதுதானே என்று எனக்கு எரிச்சல். அப்படிச் செய்யக் கூடாதாம். மூக்கின் கூரைக்கு மேலே மூளை இருக்கிறது. சில நேரம் கட்டி மாதிரித் தெரிவது ரத்தக்குழாய்க் கூட்டமாக இருக்கும், அல்லது மூளையின் உறையே கீழே இறங்கியிருக்கும். அதனால் முதலில் படம், பிறகுதான் வெட்டு. சி.டி. ஸ்கேன் எலும்பைக் காட்டும். எங்கே அரித்திருக்கிறது என்று தெரியும். எம்.ஆர்.ஐ. சதையைக் காட்டும். கட்டி கண்ணுக்குள் போயிருக்கிறதா, மூளையைத் தொட்டிருக்கிறதா என்று அதில்தான் தெரியும்.

சி.டி. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. எம்.ஆர்.ஐ.தான் என்னைப் பழிவாங்கியது. அந்தக் குழாயைப் பார்த்ததும் கண் அளந்துவிட்டது. இருபத்து நாலு அங்குலம், நான் தோள்பட்டைக்கு வைக்கிற அதே அகலம். முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் செய்துபோட்டவன், முதல்முறையாக உள்ளே படுக்கிறேன். அசையக் கூடாது என்றார்கள். மெஷின் தட்டத் தொடங்கிய இரண்டாவது நிமிடம் அவசரத்துக்கு அமுக்கச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த பந்தை அமுக்கிவிட்டேன். வெளியே இழுத்தார்கள். சட்டை நனைந்திருந்தது. எனக்குப் பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, மூச்சு முட்டுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் ஒரு தேக்குப் பெட்டி செய்ய ஆரம்பித்தேன். பலகை தேர்ந்தெடுத்து, அறுத்து, இழைத்து, மூலைக்கு மூலை பொருத்தி, மூடிக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தபோது முடிந்துவிட்டது என்று இழுத்துவிட்டார்கள்.

பிறகு கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டறைக்குப் போக விடவில்லை. வீட்டில் இருந்த நாற்காலி, கட்டில், அலமாரி எல்லாவற்றிலும் ஆட்டம் கண்ட கால்களைச் சரிசெய்தேன். பிறகு ஆட்டம் காணாதவற்றையும் சரிசெய்தேன். லிங்கராஜபுரத்திலிருந்து பிரேசர் டவுன்வரை நடந்து போய்ப் பஸ்ஸில் திரும்புவேன், சில நாள் பஸ்ஸிலும் ஏறாமல் நடந்தே திரும்புவேன். ஸ்டெல்லா காலையில் என் செருப்பைத் துடைத்து வாசலில் எடுத்து வைத்திருப்பாள்.

முடிவு வந்தது. அடினோகார்சினோமா. சுரப்பித் திசுவைப்போல வளர்கிற புற்றுநோய் என்று டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். மூக்குக்கும் கண்ணுக்கும் இடையில் தேன்கூட்டைப்போல் சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன, எத்மாய்டு என்று பெயர், அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்குள் போகவில்லை. மேலே கூரை எலும்பைத் தொட்டிருக்கிறது, மூளைக்குள் நுழையவில்லை. முகத்தைக் கிழிக்காமல் மூக்கு வழியாகவே எடுத்துவிடலாம், பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு. வலது பக்கம் வாசனை போய்விடும், இடது பக்கம் கொஞ்சம் மிஞ்சலாம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிழைப்பேனா என்று கேட்க வாய் வரவில்லை. ஸ்டெல்லாதான் கேட்டாள். பிழைக்க வைக்கத்தான் இவ்வளவும், எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் இன்னும் தைரியமாகச் சொல்லியிருப்பேன் என்றார்.

வெளியே வந்ததும் ஸ்டெல்லா தண்ணீர்க் குழாயருகில் நின்று அழுதாள். அந்த ஃபர்னிச்சர் என்ற ஒரு சொல்தான் என்னைக் கொல்லப் போகிறது என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நானும்தானே அன்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்றேன். அவள் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் வார்டில் சேர்த்தார்கள். நாலு கட்டில் உள்ள அறை. பக்கத்துக் கட்டிலில் தொண்டை ஆபரேஷனுக்கு வந்திருந்த ஓர் ஆட்டோ டிரைவரும் அவர் மனைவியும். என்ன தொழில் என்று அந்தம்மா கேட்டதும் ஸ்டெல்லா பழைய பழக்கத்தில் ஃபர்னிச்சர் என்றுவிட்டாள். சொன்ன பிறகு அவள் முகம் விழுந்ததைப் பார்த்தேன். சாயங்காலம் எதிர்க்கட்டிலுக்கு ஒரு பெண் பார்வையாளராக வந்தார். என்னைக் கண்டதும் நேரே வந்து கையெடுத்துக் கும்பிட்டு, தன் மாமனாருக்கு நான் செய்து கொடுத்த பெட்டி எவ்வளவு அழகாக இருந்தது என்று வார்டே கேட்கும்படி நன்றி சொன்னார். நல்ல மனது. ஆனால் அவர் போன ஐந்தாவது நிமிடம் ஆட்டோ டிரைவரின் மனைவி இரண்டு கட்டிலுக்கும் நடுவே இருந்த திரையை இழுத்து மூடிவிட்டார். மறுநாள் காலையில் பார்த்தால், அவர்கள் ஜன்னலோரக் கட்டிலுக்கு மாறியிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஸ்டெல்லாவுக்கு வரவில்லை.

தியேட்டருக்குப் போகுமுன் செல்வாவுக்குப் போன் செய்தேன். நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அவன் கேட்டுக்கு எதிரே வந்து நிற்பான். ஃபிளாஸ்கில் ராகிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்து ஸ்டெல்லாவிடம் கொடுப்பான். ஜன்னல் வழியாக அவனுடைய தலை எனக்குத் தெரியும், என் தலை அவனுக்குத் தெரியாது. உள்ளே வாடா, டாக்டரம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றேன்.

“வேணாம்ணா. நீ ஆபரேசனுக்குப் போற நேரத்துல பொட்டிக்காரன் கட்டில் பக்கத்துல நின்னா நல்லாவா இருக்கும்?”

“நானும் பொட்டிக்காரன்தான்டா.”

“நீ படுத்திருக்க. அது வேற.”

அவன் குரல் மூக்கடைத்து வந்தது. அது இன்று நேற்று வந்த குரல் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பட்டறையில் மதியம் கண்ணயரும்போது வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவான். நானே கேலி செய்திருக்கிறேன். எந்தப் பக்கம் அடைத்திருக்கிறது என்று கேட்டேன். சளி என்றான். எந்தப் பக்கம் என்று மறுபடி கேட்டேன்.

“லெஃப்ட்டு மட்டும்,” என்றான்.

அதன் பிறகு எனக்கு என் கட்டியின் ஞாபகமே இல்லை. ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதுகூட ஸ்டெல்லாவிடம் அவனைக் கூட்டி வா, அவனைக் கூட்டி வா என்றே சொல்லிக்கொண்டிருந்தேனாம். மயக்க மருந்து கொடுக்கிறவர் யாரை என்று கேட்டாராம். எனக்கு நினைவில்லை.

ஐந்து மணி நேரம் ஆயிற்று. கட்டியை எடுத்தார்கள், அது தொட்டிருந்த கூரை எலும்பையும் எடுத்தார்கள். அந்த ஓட்டை வழியாக மூளையைச் சுற்றியுள்ள நீர் கசியாமல் இருக்க, என் தொடையிலிருந்து ஒரு துண்டு சவ்வை வெட்டி எடுத்து ஒட்டுப் போட்டார்கள். விழித்ததும் அதை விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நல்ல ஒட்டு வேலை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த ஒட்டு காய்ந்து பிடிக்கும்வரை நான் அசையக் கூடாது என்றதும் டாக்டரம்மா மேல் வைத்த மரியாதை கொஞ்சம் குறைந்தது. மூக்கைச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், தலையைத் தூக்கி வைத்துப் படுத்தே கிடக்க வேண்டும். இரண்டு மூக்கிலும் பஞ்சுத்துணி அடைத்திருந்தது. வாயால் மூச்சுவிட்டு நாக்கு கட்டையாகிவிட்டது. ஸ்டெல்லா ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் கால் கட்டைவிரலை மட்டும் ஆட்டிக்கொண்டு மூன்று நாள் கிடந்தேன். அதையும் நிறுத்தச் சொன்ன நர்ஸைப் பார்த்து முறைத்தேன்.

பஞ்சை எடுத்த அன்று வலியில் அம்மா என்று கத்திவிட்டேன். வெட்டிய ஓரங்களில் புற்றணு இல்லை, சுத்தமாக எடுத்துவிட்டோம் என்ற ரிப்போர்ட் அதற்கடுத்த வாரம் வந்தது. அதைக் கேட்டு ஸ்டெல்லா கழுத்திலிருந்த செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பில்லைப் பற்றி எழுத ஆரம்பித்தால் மறுபடி ரத்தம் வரும், அதை விடுகிறேன்.

கதிர்வீச்சுக்கு முதலில் முகத்துக்கு அளவெடுத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வலையை வெந்நீரில் போட்டு இளக்கி, முகத்தின்மேல் விரித்து அழுத்தினார்கள். ஆறியதும் என் மூக்கும் தாடையும் அதில் அச்சாக நின்றன. தினமும் அந்த முகமூடியை மாட்டி மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள், தலை ஒரு நூலும் நகராது. கதிர் கண்ணில் படாமல் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் படுவதற்கு அதுதான் வழியாம். வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் முப்பது தடவை. ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் ஒரு பெட்டி. மூக்குக்குள் பொருக்குப் பொருக்காகக் காய்ந்து வந்தது, உப்புத்தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கன்னம் கறுத்தது. சாப்பாடு எல்லாம் இரும்பு ருசி. செல்வாவின் கஞ்சியும் இரும்புதான், ஆனாலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

முப்பது நாளும் செல்வாவை நச்சரித்தேன். அண்ணனுக்கு முடியட்டும் என்றான். பட்டறையில் ஆர்டர் இருக்கிறது என்றான். மாதாவுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றான். முடிந்ததும் பார்க்கலாம் என்றான், முடிந்த பிறகு அடுத்த வாரம் என்றான். நான் திட்டினேன், கெஞ்சினேன், பேசாமல் இருந்து பார்த்தேன். அவன் மசியவில்லை. அவனுக்கும் பயம் என்று எனக்குத் தெரியும். குழாயை உள்ளே விட்டால் அங்கே என்ன தெரியும் என்பதை என்னைப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தான்.

கடைசியில் அவனை மசிய வைத்தவள் ஸ்டெல்லா. சத்தமே போடாமல் செய்தாள். தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடினாள். செல்வா ஒரு பெட்டிக்குத் துணி கேட்டு வந்தபோது, நீ டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் தைப்பேன் என்றாள். துணி இல்லாமல் பெட்டி போகாது. மொட்டைப் பலகையில் யாரையும் படுக்க வைக்கச் செல்வாவுக்கு மனம் வராது. கோபித்துக்கொண்டு போய், தானே சாட்டினை வாங்கி, ஊசி எடுத்து, இரண்டு மணி நேரம் போராடியிருக்கிறான். விரலில் குத்தி ரத்தம் பட்டதுதான் மிச்சம். அந்தத் துணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து வாசலில் நின்றான். ஸ்டெல்லா அதை வாங்கிப் பார்த்தாள்.

“இதே மாதிரி ஒரு துணிய நான் ஏற்கெனவே துவைச்சிட்டேன் செல்வா,” என்றாள். “இன்னொன்னு என்னால முடியாது.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான். அவள் அந்தப் பெட்டிக்குத் துணி தைத்துக் கொடுத்தாள். திங்கட்கிழமை காலை மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனோம்.

அவன் மூக்கில் இருந்ததும் அதே வகைதான் என்று பிறகு தெரிந்தது. மொச்சைக் கொட்டை அளவு, எலும்பைத் தொடவில்லை. சீக்கிரமாக எடுத்துவிட்டார்கள், கதிர்வீச்சுகூட வேண்டாம் என்றார்கள். இப்போது முகமூடி போட்டுக்கொண்டு, தூளை உறிஞ்சுகிற மெஷின் ஒன்றையும் வைத்துக்கொண்டு பட்டறையில் இருக்கிறான். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், அந்தத் திங்கட்கிழமை நடந்தது.

வெளிநோயாளிக் கூடத்தில் உட்கார இடமில்லை. சுவரோரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். ஆபரேஷன் முடிந்த நான் நேராக நின்றேன், செல்வாதான் சுவரைப் பிடித்துக்கொண்டான். முப்பது வருடத்தில் முதல்முறையாக ஆஸ்பத்திரிக்குள் வந்திருக்கிறான், யார் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். கவுண்டரில் இருந்த பெண் சீட்டு எழுதினாள். பெயர், வயது, விலாசம். பிறகு கன்னடத்தில் என்ன வேலை என்று கேட்டாள். செல்வா வாயைத் திறந்தான். எந்தச் சொல் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

ஸ்டெல்லா அவனை விலக்கிவிட்டுக் கவுண்டர் கண்ணாடிக்கு நேரே போய் நின்றாள்.

“பொட்டி செய்யறவர்மா. செத்தவங்கள வைக்கிற பொட்டி. முப்பது வருசமா மரத்தூள் மூக்குல போவுது. பொட்டிக்குள்ள துணி தைக்கிறது நானு. அதெல்லாம் எழுதிக்கோ.”

கூடமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் அப்படியே எழுதினாள். முதல் வரிசையில் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்திருந்த பெரியவர் மெதுவாக எழுந்து தூணருகே போய் நின்றுகொண்டார். அவர் பக்கத்தில் இருந்த அம்மாவும் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். அவருக்கடுத்த நாற்காலியும் காலியாயிற்று.

ஸ்டெல்லா திரும்பி அந்த மூன்று நாற்காலிகளைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் போய் உட்கார்ந்தாள். செல்வாவின் கையைப் பிடித்து ஒரு பக்கம் உட்கார வைத்தாள். மற்றப் பக்கத்து நாற்காலியைத் தட்டினாள்.

“வாங்க, உக்காருங்க,” என்றாள். “எடம் கெடச்சிடுச்சு.”

போய் உட்கார்ந்தேன். செல்வாவின் பெயரைக் கூப்பிடும்வரை நான் எழுந்திருக்கவில்லை.